அழிந்த காட்சியும் நின்ற எழுத்தும்

தொலைக்காட்சித் தொடரைத் தழுவி எழுந்த புதினத்தை இலக்கியமாகக் கொள்ளலாமா என வினவின், நம்மிற் பலர் தயக்கமின்றி மறுப்போம். யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அறிவியல் புனைகதையின் வரலாற்றை ஊன்றி நோக்கியபின் அவ்வெண்ணம் மாறிற்று.

1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி. தொலைக்காட்சி 'டாக்டர் ஹூ' என்னும் தொடரைத் தொடங்கியது. காலத்தையும் விண்வெளியையும் கடந்து செல்லும் பயணி ஒருவரின் கதை அது. மறு ஆண்டே அத்தொடரின் கதைப் பொறுப்பாளர் டேவிட் விட்டேக்கர் அதன் கதையொன்றைப் புதினமாக்கினார். திரையில் பள்ளியொன்றில் தொடங்கிய நிகழ்ச்சியை, அவர் பனிமூட்டத்தில் நேர்ந்த சாலை விபத்தாக மாற்றினார். கதைமாந்தருள் ஒருவரே தன்கூற்றாக உரைக்குமாறும் அமைத்தார். கண்டதையே மீளப் படிக்கிறோம் என்னும் சலிப்பு அங்கு இல்லை. 1973 முதல் டார்கெட் பதிப்பகம் இவ்வகை நூல்களை வரிசையாக வெளியிட்டது. டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே அறுபதுக்கும் மேற்பட்டவற்றை எழுதினார்.

இதனினும் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பி.பி.சி. தன் பழைய ஒளிநாடாக்கள் பலவற்றை அழித்துவிட்டது. 1960களில் ஒளிபரப்பான பகுதிகளுள் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை மறைந்தன. அக்கதைகளைப் பின்வந்த தலைமுறை நுகர்ந்தது பெரிதும் நூல்களின் வழியேதான். 1989இல் தொடர் நின்றபோதும், 1991 முதல் வெளிவந்த புதிய புதினங்கள் கதையை வளர்த்தன. 2005இல் தொடர் மீண்டும் திரைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் அதனைக் காத்தது எழுத்தே.

தமிழில் இவ்வுறவு தலைகீழாய் அமைந்தது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர்த் தூரதர்சனில் ஒளிபரப்பாயிற்று. கொடைக்கானல் மலைமீதிருந்த ஒளிபரப்பு நிலையத்தை நோக்கி ஆண்டெனாவைத் திருப்பி வைத்திருந்த நம் கொடைரோட்டுச் சமவெளிக்கு அக்காட்சி மலையிலிருந்தே இறங்கியது எனலாம். அக்கதையில் ஆட்சி ஜீவாவின் கையில் இருக்கிறது. மாந்தரின் பெயர் இரண்டெழுத்தாகச் சுருங்குகிறது. வாழ்நாளையும் அரசே வரையறுக்கிறது. அங்கே ஜீனோ என்னும் இயந்திர நாய் நூல்களைப் படித்துப் படித்துச் சிந்திக்கக் கற்கிறது! நிலாவுக்குத் துணை நிற்பதும் அதுவே. கதை நிகழும் 2020களின் தொடக்கத்தை நாம் கடந்துவிட்டோம். ஒளிபரப்பு முடிந்த பொழுதே காட்சி நம் கைவிட்டு அகன்றது. 'மீண்டும் ஜீனோ' என்னும் அடுத்த பகுதியோடு நூல் இன்றும் மறுபதிப்புப் பெற்று நிற்கிறது.

இது நமக்குப் புதிதன்று. மாதவியின் ஆடலைக் கண்ட கண்கள் இன்றில்லை. அரங்கேற்று காதை இருத்தலால் அரங்கின் அளவும் ஆசான்களின் திறமும் நம்முன் நிற்கின்றன. நிகழ்ந்து மறையும் கலையை ஏட்டில் நிறுத்துதல் தமிழ்மரபே. ஆதலின் திரைவழி வந்த புதினத்தை விரும்பிப் படிப்பதற்கு நாணவேண்டுவதில்லை. இலக்கிய வரலாற்றில் அதற்கும் ஓரிடம் தருதல் வேண்டும்.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தின் கூட்டங்களில் எத்தனையோ கவிதைகள் ஒலித்தன. அவற்றுள் எழுதிவைக்கப்பெறாதவை காற்றோடு போயின; எழுத்தில் நின்றவையே இம்மலரில் இடம்பெறுகின்றன. இனி ஒலிப்பவற்றையேனும் அன்றன்றே எழுதி வைப்போமாக!