பின்பக்கத்தில் ஒரு கூட்டல் குறி

பழைய கிற்றார் அம்ப் ஒன்று விலைக்கு வந்தால் வாங்க வாற ஆள் முதலில் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார். குமிழ்கள் எல்லாம் இருக்கா, ஸ்பீக்கர் துணி கிழிஞ்சிருக்கா என்று. ஆனால் அது 1980களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவில் செய்யப்பட்ட மெஸா பூகி மார்க் 2 என்றால் கதை வேறு. ஆள் நேரே பின்பக்கம் போவார். மின்வயர் உள்ளே போகிற இடத்துக்குக் கிட்ட, கறுப்பு மார்க்கர் பேனையால் போட்ட ஒரு சின்னக் கூட்டல் குறி இருக்கிறதா என்று தேடுவார். இருந்தால் அது மார்க் 2சி+. இல்லையென்றால் மார்க் 2சி, அல்லது அதற்கும் முந்தினது. முன்பக்கத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியாது. விலையில் நல்லாவே தெரியும்.

அந்தக் குறியைப் போட்டது தொழிற்சாலையில் வேலை செய்தவர்களின் கை. அதை வைத்து, புதுப் பதிப்பு ஒன்று வரும்போது கிற்றார் வாசிக்கிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற கதையை நாங்கள் சொல்லப் பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் பாதிப்பேர் கொண்டாடுவார்கள், மிச்சப்பேர் "பழசுதான் திறம், இதில அந்தச் சத்தம் இல்லை" என்பார்கள். இந்தப் பேச்சு எங்கே இருந்து வருகிறது?

முதலில் வால்வ் அம்ப் என்றால் என்ன என்று பார்ப்போம். அம்மம்மா வீட்டுப் பழைய றேடியோவுக்குள்ளே செம்மஞ்சளாய் ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள் இருந்தனவே, அவைதான் வால்வ். ட்ரான்சிஸ்ரர் வந்த பிறகு றேடியோவும் தொலைக்காட்சியும் வால்வைக் கைவிட்டன. கிற்றார்காரர் விடவில்லை. காரணம், வால்வை அதன் எல்லைக்கு மேலே தள்ளும்போது ஒலி அலையின் உச்சி தட்டையாகிறது, புதிய மேற்சுரங்கள் சேருகின்றன, சுரம் நீண்டு நிற்கிறது. பொறியியலாளர் பார்வையில் அது பிழை. வாசிக்கிறவர் பார்வையில் கிற்றார் பாடத் தொடங்குகிறது.

சிக்கல் என்னவென்றால், அந்த ஒலி வரவேண்டுமென்றால் அம்பை முழுக்கத் திறக்கவேண்டும். முழுக்கத் திறந்தால் மண்டபத்தில் ஒருவருக்கும் காது மிஞ்சாது. சத்தத்தைக் குறைத்தால் ஒலி மெலிந்துபோகும்.

இந்த இடத்தில்தான் ரண்டல் ஸ்மித் வருகிறார். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பகுதியில் அம்ப் திருத்திக்கொண்டிருந்தவர். 1960களின் முடிவில், கன்ட்ரி ஜோ அன்ட் த ஃபிஷ் குழுவின் கிற்றார் கலைஞர் பரி மெல்ற்றனுக்கு ஒரு பகிடி விட நினைத்தார். மெல்ற்றனின் ஃபெண்டர் பிரின்ஸ்ரன் மிகச் சின்ன அம்ப். அதன் வெளிப்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே பெரிய அம்ப் ஒன்றின் சுற்றையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் அடைந்தார். அதைக் கடையில் வாசித்துப் பார்த்தவர்களில் ஒருவர் கார்லோஸ் சந்தானா. அவர் வாயிலிருந்து வந்த ஒரு பாராட்டுச் சொல்லில் இருந்துதான் 'பூகி' என்ற பெயரே வந்தது.

அடுத்த படி கொஞ்சம் தற்செயலானது. ஓகன் கலைஞர் லீ மைக்கேல்ஸின் பவர் அம்புகளுக்கு முன்னால் வைக்க ஒரு ப்ரீஅம்ப் செய்துகொடுக்கச் சொல்லி ஸ்மித்திடம் கேட்டார்கள். எவ்வளவு சிக்னல் தேவைப்படும் என்று நிச்சயமில்லாததால் ஸ்மித் மேலதிகமாக ஒரு வால்வ் படியையும், இடையிடையே அளவைக் கட்டுப்படுத்தும் குமிழ்களையும் சேர்த்தார். விளைவு: ஒரு படி அடுத்த படியைத் தள்ளுகிறது, அது அதற்கடுத்ததைத் தள்ளுகிறது. முன்னுக்குள்ள குமிழ்களைக் கூட்டி, கடைசிக் குமிழைக் குறைத்தால், சின்ன அறையிலும் அந்தப் பாடுகிற ஒலி கிடைக்கும். இதுதான் பிறகு மார்க் 1 என்று அழைக்கப்பட்ட அம்பின் அடிப்படை.

1978 இல் மார்க் 2 வந்தது. பெரிய புதுமை, காலால் மிதித்து மாற்றும் இரண்டு சனல்கள். பாட்டுக்கு ஒத்து வாசிக்க ஒரு ஒலி, தனியாவர்த்தனத்துக்கு இன்னொரு ஒலி. அதுவரை ஒரு ஆள் மேடையில் நடுப்பாட்டில் குனிந்து குமிழ் திருப்பவேணும், இல்லையெண்டால் இரண்டு அம்ப் தூக்கிக்கொண்டு திரியவேணும். ஆகவே சந்தோசம். ஆனால் முறைப்பாடும் உடனே வந்தது. சனல் மாற்றும்போது ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம். மெதுவான பாட்டின் நடுவில் அப்படிக் கேட்டால் என்ன செய்யிறது? ரிவேர்ப்பிலும் இரைச்சல் இருந்தது.

திருத்தங்கள் தொடங்கின. முதல் வடிவம் 2ஏ என்று பெயர் பெற்றது. அடுத்து வந்த 2பி இல் 'எஃபெக்ற்ஸ் லூப்' சேர்ந்தது. எதிரொலிப் பெடலைக் கிற்றாருக்கும் அம்புக்கும் நடுவில் வைத்தால், அந்த எதிரொலியும் சேர்ந்து உடைந்து குழம்பிப்போகும். லூப் என்பது, ஒலி உடைந்து முடிந்த பிறகு பெடலைச் செருக ஒரு வழி. நல்ல யோசனை. ஆனால் அந்த லூப்பில் வொலியூம் பெடல் போன்றவற்றைச் செருகியபோது சிக்னல் அளவில் சிக்கல் வந்தது. 2சி இல் ரிவேர்ப் இரைச்சலும் அந்த 'டப்'பும் குறைக்கப்பட்டன. அதற்குப் பிறகு லீட் சனலின் உணர்திறனைக் கூட்டி, லூப்பைச் சீராக்கி, இன்னொரு திருத்தம். அதற்குத் தனிப்பெயர் வைக்கவில்லை. பின்பக்கத்தில் மார்க்கரால் ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான்.

இன்றைக்கு 'பழசுதான் திறம்' என்கிறவர்களின் உச்சப் பழசு இந்த 2சி+. ஆனால் அது தன் காலத்தில் ஒரு புதுப் பதிப்பு. முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு வந்து, திருத்தத்துக்கு மேல் திருத்தம் செய்து கிடைத்த பெட்டி.

இந்த அம்பைப் பழகுவதும் லேசில்லை. பொதுவாக நாங்கள் எந்த அம்ப் முன்னால் நின்றாலும் குமிழ்களை எல்லாம் நடுவில் வைத்துத்தான் தொடங்குவோம். இதில் அப்படி வைத்தால் லீட் சனல் சேறு மாதிரிக் கேட்கும். ஏனென்றால் ரிரெபிள், பேஸ் குமிழ்கள் ஒலி உடைவதற்கு முன்னால் வேலை செய்கின்றன. அங்கே பேஸ் கூடினால், கூடின பேஸ்தான் அடுத்த படிகளில் உடையும். ஆகவே பேஸைக் கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கு இறக்கி, ரிரெபிளைக் கூட்டவேண்டும். இழந்த பேஸைத் திரும்பக் கொண்டுவர, பல பெட்டிகளின் முன்பக்கத்தில் ஐந்து நகர்த்திகள் கொண்ட ஈக்வலைசர் இருக்கிறது. அது உடைவுக்குப் பிறகு வேலை செய்கிறது. நடுவில் உள்ள 750 ஹேர்ட்ஸை இறக்கி, இரண்டு பக்கமும் ஏற்றினால் பள்ளத்தாக்கு மாதிரி ஒரு வடிவம் வரும். இந்த வடிவம்தான் ஒரு முழுத் தலைமுறையின் மெற்றல் இசையின் சத்தம்.

அந்தச் சத்தத்தை உலகத்துக்குக் கேட்கவைத்தது மெற்றாலிக்காவின் 'மாஸ்டர் ஒஃப் பப்பெற்ஸ்'. 1985 இல் கோப்பன்ஹேகனில் ஒலிப்பதிவு தொடங்கி, 1986 மார்ச்சில் வெளிவந்தது. 2சி+ ஐ அதில் முழு அம்பாகப் பாவிக்கவில்லை. ஒலியை வடிவமைக்கிற முன்பகுதிக்கு அதை வைத்து, சத்தத்தைப் பெருக்க மார்ஷல் பவர் அம்புகளுக்கு அனுப்பினார்கள்.

இதில் காலத்தைக் கவனிக்கவேண்டும். மார்க் 3 வந்தது 1985 இல். அதாவது இசைத்தட்டு வெளிவந்தபோது 2சி+ கடைகளில் புதிய பொருளாக இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு மயங்கி, காசு சேர்த்துக்கொண்டு கடைக்குப் போன பெடியனுக்குக் கிடைத்தது மார்க் 3. அதில் மூன்றாவதாக ஒரு சனல் கூட இருந்தது. சுத்தமான ஒலிக்கும் லீட் ஒலிக்கும் நடுவில் ஒரு கரகரப்பான ரிதம் ஒலி வேண்டும் என்று பலர் கேட்டதற்கான பதில் அது. ஆனால் இரண்டு ரிதம் சனல்களும் ஒரே ரோன் குமிழ்களைப் பகிர்ந்தன. ஒன்றுக்குச் சரியாக வைத்தால் மற்றது கெடும். இங்கேதான் "பழசு திறம்" என்ற பேச்சு பிடித்துக்கொண்டது. மார்க் 3 உம் சும்மா இருக்கவில்லை. அதுவும் அடுத்தடுத்துத் திருத்தப்பட்டது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின்பக்கத்தில் ஒரு நிறக்கோடு: ஊதா, சிவப்பு, நீலம், பச்சை. இன்று அந்தக் கோடுகளுக்கும் தனித்தனிப் பக்தர்கள் இருக்கினம்!

1990 இல் மார்க் 4, லீட் சனலுக்குத் தனி ரோன் குமிழ்கள். மேடையில் வாசிக்கிறவர்களுக்குப் பெரிய ஆறுதல், ஆனால் "எவ்வளவு குமிழப்பா!" என்ற முறைப்பாடும் சேர்ந்தே வந்தது. 2009 இல் மார்க் 5. மூன்று சனல், ஒவ்வொன்றிலும் மூன்று நிலை, மொத்தம் ஒன்பது. அந்த நிலைகளில் ஒன்றின் பெயரே 'மார்க் 2சி+'. ஒரு காலத்தில் மார்க்கரால் கீறின குறி இப்போது முன்பக்கத்தில் அச்சாகி வந்துவிட்டது. 2016 இல் ட்ரீம் தியேட்டரின் ஜோன் பெற்றூச்சிக்காகச் செய்த ஜேபி-2சி யும் அதே சுற்றைத்தான் அடித்தளமாகக் கொண்டது. 2021 இல் கிப்சன் கொம்பனி மெஸா பூகியை வாங்கியது. 2023 இல் மார்க் 7. கடைசியாக 2024 இல், ஏறக்குறைய 40 வருஷத்துக்குப் பிறகு, மார்க் 2சி+ என்ற பெயரிலேயே பழைய அம்பைத் திரும்பச் செய்து விற்கத் தொடங்கினார்கள்.

அப்ப பழசுதான் வென்றதா?

பழசின் பக்கம் நின்றவர்கள் சொன்னது வெறும் ஏக்கம் இல்லை. வால்வ் அம்பில் ஒரு வசதியைக் கூட்டினால் சுற்று மாறும், வயர் போகிற பாதை மாறும், விரலுக்குக் கிடைக்கிற பதில் மாறும். தன் கருவியோடு பத்து வருஷம் வாழ்ந்த ஆளுக்கு அது உடனே விளங்கும். அதைக் கற்பனை என்று ஒதுக்கினால் நாங்கள்தான் பிழை விடுகிறோம்.

ஆனால் நாங்கள் உட்பட, இந்த அம்பைப் பற்றிக் கதைக்கிற கனபேர் அதைத் தொட்டதே இல்லை. நாங்கள் அறிந்தது இசைத்தட்டை. அதற்குள்ளே மார்ஷல் பவர் அம்ப் இருக்கிறது, மைக் வைத்த விதம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கை இருக்கிறது. இவ்வளவையும் சேர்த்து ஒரு கூட்டல் குறிக்குள் அடைத்துவிட்டு, புதுசு ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டால் எந்தப் புதுசுதான் வெல்லும்?

எங்களுக்குக் கவலை தருவது இன்னொன்று. 2ஏ வாங்கின ஆள் "டப் எண்டு சத்தம் வருது" என்றார், அந்தக் குறை பிறகு வந்த பெட்டியில் குறைந்தது. முறைப்பாடு வேலை மேசைக்குப் போய்ச் சேர்ந்த காலம் அது. இன்றைக்கு முறைப்பாடு விலைப்பட்டியலுக்குப் போகிறது. "பழசு போல இல்லை" என்றால், சரி, பழசையே தருகிறோம், இந்தா விலை என்கிறது சந்தை. அம்ப் கிடைக்கும். இதில் என்ன குறை என்று சொல்லி, அதைத் திருத்தவைத்து, அடுத்ததைக் கேட்கிற பழக்கம் கிடைக்காது.

2சி+ இல் இருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்குமென்றால் அந்தப் பழக்கம்தான். கையில் உள்ளது ஐயாயிரம் ரூபா அம்பாக இருந்தாலும், போனில் ஓடுகிற செயலியாக இருந்தாலும், எது கேட்கவில்லை, எது உறுத்துகிறது என்று காதால் கண்டுபிடித்துச் சொல்லப் பழகுவோம். அந்த மார்க்கர் பேனையை எடுக்கவைத்தது அப்படியான முறைப்பாடுகள்தான்.