இராயப்பரும் மூன்று சொற்களும்



"பாவம் செஞ்சிட்டு சாமியார்கிட்ட சொல்லிட்டா சரியாயிடுமா சார்?" என்று வகுப்பில் வருஷத்துக்கு ஒருவராவது கேட்பீர்கள். நம் ஊர்ப் பெயரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வராது, கடலிலேயே நங்கூரமிடும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் அலையைத் தாண்டிப் போய், ஆட்களையும் சரக்கையும் இறக்கியவர்கள் நம் படகோட்டிகள். அவர்களில் கத்தோலிக்கராக இருந்தவர்கள் 1829-இல் ஒரு கோயில் கட்டி, மீனவரான பேதுருவின் பெயரை வைத்தார்கள். கத்தோலிக்கரின் பழந்தமிழில் பேதுரு என்றால் இராயப்பர். ராயபுரம் என்ற பெயரே அவரால் வந்தது என்பார்கள்.

அந்த இராயப்பர் யார்? இயேசு பிடிபட்ட இரவில், கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடி, "அவரை எனக்குத் தெரியாது" என்று மூன்று முறை மறுத்தவர். சேவல் கூவியதும் அழுதவர். உயிர்த்தெழுந்த இயேசு அவரைச் சந்தித்ததும் ஒரு கரையில்தான். அங்கேயும் கரிநெருப்பு, அதன்மேல் மீன். "ஏன் மறுத்தாய்?" என்று இயேசு கேட்கவில்லை. தன்மேல் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் தன் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தார். மன்னிப்போடு வேலையும் வந்தது.

இந்த மன்னிப்பைத் தமிழில் எப்படிச் சொன்னார்கள் என்பதும் ஒரு வரலாறுதான். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. இரண்டே ஆண்டில், 1580-இல், அன்ரிக்கே அடிகளாரின் 'கொம்பெசியோனாயரு' கொச்சியில் அச்சானது. முத்துக்குளித்துறைப் பரதவருக்கான பாவ அறிக்கைக் கையேடு அது. பெயர் போர்த்துக்கீசியம், உள்ளே தமிழ். பிறகு 'பாவசங்கீர்த்தனம்' என்ற சொல் நிலைத்தது. செய்ததை வாய்விட்டுச் சொல்வது என்று பொருள். நம் பாட்டிமார் சொன்னது அதைத்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1973-இல் உரோமை இந்தச் சடங்கைப் புதுப்பித்தது. இன்று நம் கோயில்களில் அதற்குப் பெயர் 'ஒப்புரவு'. சீர்திருத்த சபையாரின் பழைய வேதாகமத்தில் முன்பே இருந்த சொல். திருக்குறளின் 22-ஆம் அதிகாரமும் 'ஒப்புரவறிதல்'தான். ஊரோடு இசைந்து உதவி வாழ்வதை வள்ளுவர் அங்கே சொல்கிறார்.

பாவத்தைச் சொல்வதில் தொடங்கிய பெயர், உறவு சேர்வதில் வந்து நிற்கிறது. சொல்வது தேவையில்லை என்றாகிவிடவில்லை. ஆனால் சொன்னதோடு முடிவதில்லை. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபையின் பழைய போதனை. வரி வசூலித்த சகேயு, ஏய்த்து வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் தருகிறேன் என்றான். கடவுளின் மன்னிப்பு இலவசம். அதைப் பெற்றவன், தான் ஏமாற்றியவனின் வாசலுக்கும் போயாக வேண்டும்.

ஆகவே, சாமியாரிடம் சொன்னால் சரியாகிவிடுமா என்றால், அங்கே தொடங்கும் என்பதே என் பதில். வீட்டிலோ வேலையிடத்திலோ பேச்சு நின்றுபோன ஒருவர் உங்களுக்கு இருந்தால், இந்த வாரம் ஒரு போன் போடுங்கள்.