கண் இமையால் பேசியவர்

பெரிய ஆட்டக்காரர்களின் சம்பளத்தைப் பற்றிப் படிப்பதில் எனக்கு ஓர் அற்ப ஆசை உண்டு. கதை எழுதிப் பிழைப்பவனுக்குப் பிறர் வருமானத்தில் இருக்கும் அக்கறை அது. அதிகம் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கரி 2024-25 பருவத்துக்கு வாங்கிய சம்பளம் ஐந்தரைக் கோடி டாலருக்கும் மேல் என்று ஒருநாள் படித்தேன். அதை ரூபாயாக்கிப் பார்க்கக் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூஜ்யங்களை எண்ணி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. பிறகு அதே தொழிலின் பழைய கணக்குகளைப் புரட்டினேன். அப்போதுதான் மாரிஸ் ஸ்டோக்ஸ் என்ற பெயர் கண்ணில் பட்டது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஸ்டோக்ஸ் 1933-ஆம் ஆண்டு, பென்ஸில்வேனியா மாகாணத்தில் பிட்ஸ்பர்க் நகரை அடுத்த ராங்கின் என்ற ஊரில் பிறந்தவர். கறுப்பர் குடும்பம். தகப்பனார் இரும்பாலைத் தொழிலாளி. தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். பையன் ஆறடி ஏழு அங்குலம் வளர்ந்து, லொரெட்டோ என்ற மலைக் கிராமத்திலிருந்த செயின்ட் பிரான்ஸிஸ் என்னும் சின்னஞ்சிறு கல்லூரியில் சேர்ந்தான். 1955-இல் நியூயார்க்கில் நடந்த பெரிய போட்டியில் அந்தக் கல்லூரி நாலாவது இடத்துக்குத்தான் வந்தது. ஆனால் போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் ஸ்டோக்ஸுக்குக் கிடைத்தது. நாலாவதாக வந்த அணியைத் தேடிப் போய்ப் பட்டம் கொடுப்பதென்றால், அவர் ஆட்டம் எப்படி இருந்திருக்க வேண்டும்!

தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ. அப்போது எட்டே அணிகள் கொண்ட எளிய குடும்பம். ஆட்டக்காரர்களில் பலர் கோடையில் வேறு வேலை பார்த்தே காலம் தள்ளினார்கள். ராச்செஸ்டர் ராயல்ஸ் அணி ஸ்டோக்ஸை எடுத்துக்கொண்டது. முதல் ஆட்டத்திலேயே அவர் 32 புள்ளிகள் எடுத்தார். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை 20 தடவை பறித்தார். எட்டு முறை தோழர்கள் கூடை போட வழி செய்து கொடுத்தார். அந்தக் காலத்தில் பந்தைப் பறிக்கிற மல்லர்களுக்குப் பங்கிடத் தெரியாது. பங்கிடத் தெரிந்த கெட்டிக்காரர்களுக்குப் பறிக்கப் பலம் போதாது. இவருக்கு இரண்டும் கைவந்திருந்தன. இரண்டாவது பருவத்தில் 1,256 பந்துகளைப் பறித்துச் சங்கத்தின் சாதனையை முறியடித்தார். ஆடிய மூன்று பருவங்களிலும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957-இல் அணி சின்சினாட்டி நகருக்குக் குடிபெயர்ந்தது.

1958 மார்ச் 12-ஆம் தேதி, மினியாபொலிஸில் பருவத்தின் கடைசி ஆட்டம். வளையத்தை நோக்கிப் பாய்ந்த ஸ்டோக்ஸ் நிலை தடுமாறி விழுந்தார். தலை தரையில் மோதிற்று; நினைவு தப்பியது. மூக்கில் உப்பு மருந்தைக் காட்டி எழுப்பினார்கள். அவர் எழுந்தார், மறுபடியும் ஆடினார். மூன்று நாட்கள் கழித்து டெட்ராய்ட்டில் நடந்த அடுத்த ஆட்டத்திலும் ஆடினார். அதில் 12 புள்ளிகள் எடுத்தார். 15 பந்துகளைப் பறித்தார். அன்றிரவு விமானத்தில் ஊர் திரும்பும்போது உடம்பு வலித்து இழுத்தது, நினைவு போயிற்று. நினைவு திரும்பியபோது கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. நாவும் எழவில்லை. மூளை மட்டும் தெளிவாக இருந்தது. வயது இருபத்து நாலு.

இனிமேல்தான் கணக்கு வருகிறது. ஆட்டக்காரர் ஆடினால் சம்பளம், ஆடாவிட்டால் இல்லை. ஓய்வூதியம் கிடையாது. இத்தகைய பேராபத்தைத் தாங்கும் காப்புறுதியும் கிடையாது. அணியோ அதே ஆண்டில் கைமாறியது. ஆஸ்பத்திரிச் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் ஆகும் போலிருந்தது. ஸ்டோக்ஸின் பெயரில் வங்கியில் கொஞ்சம் பணம் கிடந்தது. ஆனால் அதை எடுக்கக் கையெழுத்துப் போட வேண்டுமே! கை எங்கே?

அந்தக் கையெழுத்தைப் போட முன்வந்தவர் ஜாக் டுவைமன் என்ற சக ஆட்டக்காரர். அவரும் பிட்ஸ்பர்க் பக்கத்துக்காரர். இளமையில் ஸ்டோக்ஸுக்கு எதிரே நின்று ஆடியவர். வெள்ளைக்காரர், இருபத்து மூன்று வயது. ஆட்டம் இல்லாத மாதங்களில் இன்ஷூரன்ஸ் விற்றவர் என்பதை நான் படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. கோர்ட்டுக்குப் போய் ஸ்டோக்ஸின் சட்டபூர்வமான காப்பாளரானார். பின்னாளில் காரணம் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் மிகச் சாதாரணமானது: அணியில் மற்றவர்கள் தத்தம் ஊருக்குப் போய்விட்டார்கள், சின்சினாட்டியில் குடியிருந்தவர் அவர்தானாம். அமெரிக்காவில் பல இடங்களில் ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் ஒரே ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம் அது. இதை நான் தொடர்கதையில் எழுதியிருந்தால், 'நம்பும்படியாக இல்லை' என்று நாலு வாசகர்களாவது கடிதம் போட்டிருப்பார்கள்.

டுவைமன் வெறும் நல்ல மனிதர் மட்டுமல்ல, காரியவாதியும்கூட. ஒஹையோ மாகாணத்தில், வேலையில் காயம்பட்ட தொழிலாளிக்கு நஷ்டஈடு கொடுக்கும் சட்டம் இருந்தது. ஆலையில் கை கால் இழந்தவர்களை மனத்தில் வைத்துச் செய்த சட்டம் அது. பந்தாட்டக்காரனும் தொழிலாளிதான், களத்தில் விழுந்தது வேலையில் பட்ட காயம்தான் என்று வாதாடி அந்த உதவியை வாங்கிவிட்டார். இரும்பாலைத் தொழிலாளியின் மகனுக்குக் கடைசியில் கைகொடுத்தது இரும்பாலைச் சட்டம்! ஆனாலும் பணம் போதவில்லை. 1958-இல் காட்சி ஆட்டங்கள் நடத்தியதில் 10,000 டாலர் திரண்டது. பிறகு நியூயார்க் மாகாணத்து மலைப்பகுதியில் குட்ஷர்ஸ் என்ற விடுதியில் கோடைதோறும் ஸ்டோக்ஸுக்காக ஓர் ஆட்டம் நடந்தது. பேர்போன வீரர்கள் கூலி வாங்காமல் வந்து ஆடினார்கள். மாணவனாக இருந்தபோது அதே விடுதியில் ஒரு கோடையில் பெட்டி தூக்கிய வில்ட் சேம்பர்லின், ஆட்ட உலகை ஆட்டிப்படைக்கும் ராட்சதனான பின்னும் இதற்காக வந்து போனார்.

ஆஸ்பத்திரி அறையில் பேச்சு நடந்த விதம்தான் என் மனத்தை விட்டு அகலவில்லை. டுவைமன் ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். சரியான எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் கண் இமைப்பார். மறுபடி முதலிலிருந்து. அப்படிச் சொல், அப்படி வாக்கியம். இருபத்தாறு எழுத்தோடு போயிற்று; நம்முடைய இருநூற்று நாற்பத்தேழையும் வைத்துக்கொண்டு நடத்தியிருந்தால் ஒரு குசலம் விசாரிக்கவே பொழுது சாய்ந்திருக்கும். நாள் செல்லச் செல்ல, இடைவிடாத பயிற்சியால் ஸ்டோக்ஸ் விரல்களைக் கொஞ்சம் அசைத்தார், தட்டெழுத்துப் பொறியைத் தட்டினார், படம் வரைந்தார். டுவைமன் வீட்டு விருந்துகளுக்கு அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வருவார்கள். இத்தனைக்கும் நடுவே டுவைமன் தம் ஆட்டத்தில் சளைக்கவில்லை. 1959-60 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 31.2 புள்ளிகள் எடுத்தார். ஒரு பருவம் முழுவதும் முப்பதுக்கு மேல் சராசரி காட்டியவர்கள் அதுவரை யாருமில்லை. அந்த ஆண்டு இருவர் காட்டினார்கள், மற்றவர் சேம்பர்லின்.

1964 ஜனவரி 14-ஆம் தேதி பாஸ்டனில் நட்சத்திர ஆட்டம். தொலைக்காட்சிக்காரர்கள் காத்திருக்கிறார்கள், ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஓய்வூதியத்துக்கு உறுதி கொடுத்தால்தான் களத்தில் இறங்குவோம் என்றார்கள். சங்கத் தலைவர் வால்டர் கென்னடி வாக்குக் கொடுத்த பிறகே ஆட்டம் தொடங்கியது. அறைக்குள் இருந்தவர்களில் சேம்பர்லினும் ஆஸ்கர் ராபர்ட்சனும் உண்டு. இருவரும் ஸ்டோக்ஸுக்காகக் கோடையில் ஆடியவர்கள். ராபர்ட்சன், சின்சினாட்டியில் டுவைமனோடு ஒரே அணியில் இருந்தவர். கீழே விழுந்த ஆட்டக்காரனின் கதி என்ன என்பதை இவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆட்டக்காரர்களைக் கட்டிப்போட்ட ஒப்பந்த முறையை எதிர்த்து, 1970 ஏப்ரலில் அதே ராபர்ட்சன் தலைமையில் வழக்குத் தொடர்ந்தார்கள். அது 1976-இல் சமரசமாக முடிந்த பிறகுதான் இன்று நாம் வாய் பிளக்கும் சம்பளங்களுக்கு வழி திறந்தது.

அந்த 1970 ஏப்ரல் 6-ஆம் தேதிதான் ஸ்டோக்ஸ் மாரடைப்பால் இறந்தார். முப்பத்தாறு வயது. களத்தில் மூன்று பருவம். படுக்கையில் பன்னிரண்டு ஆண்டு. அவர் விருப்பப்படியே லொரெட்டோவில், படித்த கல்லூரியின் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

கூடைப்பந்துப் பெரியோர் வரிசையில் டுவைமனுக்கு 1983-லேயே இடம் கொடுத்துவிட்டார்கள். ஸ்டோக்ஸின் முறை 2004 வரை வரவில்லை. வந்தபோது அவர் சார்பில் எழுந்து போய்ப் பெற்றுக்கொண்டவர் டுவைமன்தான். அப்போது அவருக்கு வயது எழுபது.