எல்லாரையும் கேட்க இயலுமா?

நூல்களோ எண்ணிலடங்கா, வாழ்நாளோ குறுகியது, நினைவோ நழுவிச் செல்வது. 13-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த சாமிநாதர் சபைத் துறவி, போவே நகர் வின்சென்ட், இத்தகைய கவலையைத் தம் நூலின் முன்னுரையிலேயே பதிந்து வைத்தார். ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த கவலை இது! அவர் கவலையோடு நின்றுவிடவில்லை. பலருடைய நூல்களினின்று பயனுள்ள பகுதிகளைத் தேர்ந்து, ‘பெருங்கண்ணாடி’ எனப் பொருள்படும் மாபெரும் கலைக்களஞ்சியமாகத் தொகுத்தார்.

கைப்பேசியைத் திறந்தவுடன் நம்மீது வந்து மோதும் செய்திவெள்ளம், நம் தலைமுறைக்கு மட்டுமே நேர்ந்த சோதனை என்று நாம் எண்ணுகிறோம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

அச்சுப்பொறி வந்தபின் வெள்ளம் பெருகிற்று. சூரிச் நகர அறிஞர் கொன்ராட் கெஸ்னர், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மும்மொழி நூல்களுக்குப் பொது அட்டவணை ஒன்றை 1545-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதில் ஏறத்தாழ பத்தாயிரம் நூல்கள் இடம்பெற்றன. குறிப்புகளைத் தாளில் எழுதி, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கி, பொருள்வாரியாக அடுக்கும் முறையையும் அவர் விளக்கினார். அந்த எளிய கத்தரிக்கோல் அன்றைய அறிஞர்க்கு ஓர் அணையாயிற்று.

நம் காலத்திற்கு வருவோம். 2006-ஆம் ஆண்டில் ட்விட்டர் தோன்றியது. அதே ஆண்டில் முகநூலும் நண்பர்களின் செய்திகளை ஒரே ஓடையாகத் திரட்டித் தரத் தொடங்கியது. ஒருவரைப் பின்தொடர ஒரு விரலசைவு போதும். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒருவர் ஐந்நூறு பேரைப் பின்தொடர்கிறார்; ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஐந்து செய்திகள் இடுகின்றனர். செய்திக்குப் பத்து விநாடி என்றாலும், ஏறத்தாழ ஏழு மணி நேரம் வேண்டும்! தகவல் பெருகும்போது கவனம் வறுமையுறும் என்று பொருளியல் அறிஞர் எர்பர்ட் சைமன் 1971-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது இதைத்தான்.

தீர்வுகளும் வந்தன. நாம் பின்தொடரும் கணக்குகளைத் தனித்தனிப் பட்டியல்களாகப் பிரிக்கும் வசதியை ட்விட்டர் 2009-இல் தந்தது. ஒருவரைப் பின்தொடர்வதை விடாமலே அவருடைய செய்திகளை மறைத்துவைக்கும் வழி அதில் 2014-இல் வந்தது. இவை கெஸ்னரின் கத்தரிக்கோலுக்கு இணையானவை. பயன்படுத்தும் கை நம்முடையது.

ஆனால் 2016-ஆம் ஆண்டில் ஒரு திருப்பம் நேர்ந்தது. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் கால வரிசைக்கு மாறாக, நம்மை ஈர்க்கும் எனக் கணிப்பொறி கருதும் செய்திகளை முன்னிறுத்தத் தொடங்கின. கத்தரிக்கோல் கைமாறியது. வின்சென்ட் தேர்ந்தபோது, தேர்ந்தவர் யார், எதற்காகத் தேர்ந்தார் என்பதை வாசகர் அறிந்திருந்தனர். இன்று தேர்வது நம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதன் நோக்கமோ நம்மை அங்கேயே நிறுத்திவைப்பது.

இதனால் இழப்பு யாருக்கு? உரக்கப் பேசுவோர்க்கு அன்று. ஆண்டுக்கு இருமுறை மட்டும் எழுதும் பழைய நண்பர், தம் தாயின் மறைவை இரண்டே வரிகளில் தெரிவிக்கிறார். விருப்பக்குறிகளை வாரிக்குவிக்கும் பதிவுகளின் அடியில் அவ்வரிகள் புதைந்துபோகக்கூடும். நாமும் அறியாமலே வாளாவிருந்துவிடுவோம். அவரோ நம் மௌனத்தைப் புறக்கணிப்பு என்று கொள்வார்.

கால வரிசையில் காணும் வழியை இன்ஸ்டாகிராம் 2022-இல் மீண்டும் திறந்தது. எனினும் வழி திறந்திருப்பதால் மட்டும் பயனில்லை. நடக்க வேண்டியவர் நாமே. நாம் உண்மையாகவே கேட்க விரும்பும் பத்துப் பதினைந்து பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிவைப்போம். ஓடை கொணர்ந்து தரட்டும் என்று காத்திராமல், அவர்தம் பக்கங்களை நாமே நாடிச் செல்வோம். ஏனையோரைக் குற்றவுணர்வின்றிக் கடந்து செல்வோம்.

எல்லாவற்றையும் கற்றுவிடலாம் என்று வின்சென்டும் நம்பவில்லை, கெஸ்னரும் நம்பவில்லை. ஆதலால்தான் அவர்கள் பொறுமையுடன் அமர்ந்து தேர்ந்தெடுத்தனர். எல்லாரையும் கேட்க நம்மால் இயலாது. யாரைக் கேட்காமல் விட்டுவிடலாகாது என்பதை முடிவுசெய்ய மட்டும் நம்மால் இயலும்.