கேதீச்சரத்துக்கு வழி

ஈழநாட்டிலே தேவாரப் பதிகம் பெற்ற சிவதலங்கள் இரண்டு. ஒன்று திருக்கோணேச்சரம், மற்றையது மன்னார் மாவட்டத்து மாந்தையிலுள்ள திருக்கேதீச்சரம். யாழ்ப்பாணத்திலிருந்து காலையிற் புறப்பட்டுத் தரிசனஞ் செய்து பொழுதுபடமுன் வீடு திரும்பத்தக்கது பின்னையது. அங்கே போக விரும்பும் இளைஞர்கள் வாகனம் பேசமுன், அத்தலத்துக்குச் செல்லும் வழியின் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்ளுதல் நன்று. வழி திறந்திருந்த காலத்திலே அக்கோயில் ஓங்கிற்று. வழி அடைபட்ட காலத்திலே அதுவும் மறைந்தது.

முற்காலத்தில் அவ்வழி கடல்வழியாய் இருந்தது. மாதோட்டம் என்று தேவாரம் போற்றும் இப்பதி, அநுராதபுர இராச்சியத்துக்குப் பெருந்துறைமுகமாய் விளங்கியது. 1980களில் நடந்த அகழ்வாராய்ச்சியிலே சீனத்து மட்பாண்டத் துண்டுகளும் மேற்காசிய நாட்டுப் பாண்டத் துண்டுகளும் இங்கே கிடைத்தன. சம்பந்தரும் சுந்தரரும் இராமேச்சரத்தில் நின்றே இத்தலத்தை நினைந்து பாடினர் என்பர். சோழராட்சிக் காலத்தில் இராசராச ஈச்சரம் என்னும் கோயிலும் மாதோட்டத்தில் எழுந்ததைக் கல்வெட்டு உரைக்கின்றது.

காலஞ் செல்லத் துறைமுகம் தளர்ந்தது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். அவர்கள் கையிற் கோயில் அழிந்தது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டை கட்ட எடுக்கப்பட்டன என்பது வழிவழி வந்த செய்தி. அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அவ்விடம் காடாய்க் கிடந்தது. பதிகம் மாத்திரம் ஏட்டிலும் நாவிலும் இருந்தது.

அப்பதிகத்தை நம்பியே 1872இல் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர், இத்தலத்தைப் புதுக்குதல் சைவர் கடன் என எடுத்துரைத்தார். அவர் கண்மூடியது 1879இல். கோயிலைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவர் சொல் வீண்போகவில்லை. பின்வந்தோர் காட்டை வெட்டிப் பழைய இடத்தைக் கண்டனர். 1903இல் சிறு கோயிலொன்றுக்குக் கும்பாபிஷேகம் நிறைவேறிற்று. 1948இல் திருப்பணிச் சபை தோன்ற, சேர் கந்தையா வைத்தியநாதன் அதனை முன்னின்று நடத்தினார். 1976இல் பெருங் கும்பாபிஷேகம் கண்டோம். 1990இல் மீண்டும் மூண்ட போர் வழியை மறுபடியும் அடைத்தது, சனங்கள் இடம்பெயர்ந்தனர், கோயில் அடியார் வரவின்றி நெடுநாள் வாடிற்று. போர் ஓய்ந்தபின் திருப்பணி தொடர்ந்து, 2022 ஜூலையில் மறுபடியும் கும்பாபிஷேகம் நடைபெற்றது.

இப்போது வழி எப்படி இருக்கின்றது? முன்னர்ப் பூநகரிக்குப் போவோர் கேரதீவிற் 'பாதை'க்குக் காத்திருந்து கடல்நீரேரியைக் கடப்பர். 2011 ஜனவரியிலே சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து அக்காத்திருப்பு இல்லை. நாவற்குழி, தனங்கிளப்பு, கேரதீவு, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று நேரே சென்று மாந்தையை அடையலாம். தூரம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர்.

வழி இலகுவானதும் நம்மவரிடத்தே ஒரு குறை புகுந்துவிட்டது. ஒருநாளில் ஏழு கோயில் பார்த்துவிட வேண்டுமென்று நிரல் எழுதுகின்றனர். நடை சாத்தியபின் வந்து, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுப் படமெடுத்துத் திரும்புகின்றனர். இது ஓட்டமேயன்றி யாத்திரை ஆகாது. ஒரு தலம், ஒரு நாள் என்று வரையறுத்தலே முறை.

விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டால் காலைவேளையிலேயே சேரலாம். பூசை நேரத்தை முதல்நாளே கேட்டறிந்து வைக்கவேண்டும். பூநகரிக்கு அப்பாற் கடைகள் அருமை. ஆதலின் குடிநீரும் மரக்கறிச் சாப்பாடும் கையோடு கொண்டுபோதல் வேண்டும். முதியோர் ஏறியிறங்க வசதியான வாகனமாகப் பேசுக. இறங்கியதும் பாலாவித் தீர்த்தத்திற் கைகால் சுத்திசெய்து, கேதீச்சரநாதரையும் கௌரியம்பாளையும் தரிசிக்க. இரு பதிகங்களையும் முன்னரே பாடம் செய்துபோய்ச் சேர்ந்து பாடுக. சிவராத்திரியிற் செல்வோர் பாலாவி நீரை முகந்து மகாலிங்கத்துக்குத் தங்கள் கையாலேயே அபிஷேகஞ் செய்யும் பேறு பெறுவர். ஆனால் அன்று கூட்டம் மிகுதி. அமைதியாய்த் தரிசிக்க விரும்புவோர்க்கு வேறு நாளே நல்லது. உண்ட இலையையும் போத்தலையும் அங்கே விட்டுவருதல் தகாது.

பிற்பகலில் நேரமிருந்தால் மன்னார்த் தீவின் வாயிலில் நிற்கும் கோட்டையையும் பார்த்து வருக. காலையிற் கோயிலும் மாலையிற் கோட்டையுமாகக் காணும் இளைஞனுக்கு நான் மேலே எழுதிய வரலாற்றை வேறொருவர் விளக்கவேண்டியதில்லை. பின், இருட்டுமுன் திரும்புக. இரவில் மாடுகள் வீதியிற் படுத்துக்கிடக்கும்.

கற்கோயிலை இடிக்கப் பகைவர் வேண்டும். ஆனால் ஆள்நடமாட்டமற்ற கோயில் தானே காடாகும். அதற்குப் பகைவர் வேண்டியதில்லை. திருப்பணிக்குப் பொருள் கொடுக்க நம்மில் எல்லாராலும் இயலாது. ஆண்டுக்கொருமுறை போய் வருதல் எல்லார்க்கும் இயலும். பாலம் இருக்கின்றது, வீதி இருக்கின்றது, பதிகம் இருக்கின்றது. இனி நாம் புறப்படுவதே குறை.