தேர், வாகன மரச்சிற்பங்களில் விலங்குக் குறியீடு

கோயில் தேரின் பலகைகளிலும், திருவிழாவில் உற்சவ மூர்த்தியைச் சுமக்கும் மர வாகனங்களிலும் தச்சர் செதுக்கும் விலங்குருவங்களுக்குத் தமிழ் மரபு வழங்கிய பொருள் நெடிய வரலாறு உடையது. இன்றைய தருமபுரி வட்டாரம் சங்க காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் நாட்டைச் சேர்ந்தது. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் உழைத்து அமைத்த தேர்க்காலுக்கு அதியமானை ஔவையார் ஒப்பிடும் புறநானூற்று 87ஆம் பாடல், அந்நாளில் தச்சுத்தொழில் பெற்றிருந்த மதிப்பைக் காட்டுகிறது. மரம் மழைக்கும் கரையானுக்கும் தீக்கும் இரையாவதால் அக்காலத் தேர் எதுவும் எஞ்சவில்லை. இன்று காணக்கிடைக்கும் தேர்ச்சிற்பங்கள் பெரும்பாலும் நாயக்கர் காலத்தையும் அதற்குப் பிந்திய நூற்றாண்டுகளையும் சேர்ந்தவை என்பதால், அவ்விலங்குகளின் முன்வரலாற்றைப் பாட்டிலும் கல்லிலுமே தேட வேண்டும். யானையைக் கொல்லும் கொடுவிலங்காகச் சங்கப் பாடல்கள் பேசும் யாளி, விசயநகர, நாயக்கர் மண்டபத் தூண்களில் பாயும் உருவம் பெற்று, பின்னர் தேரிலும் காவல் விலங்காக நின்றது.

வாகனங்களின் பொருள் இதனினும் ஆழமானது. முருகனின் மயில் சூரபதுமனும், பிள்ளையாரின் மூஞ்சூறு கயமுகாசுரனும் ஆவதால், வென்றவன் வீழ்ந்தவனை அழிக்காமல் தன்னைச் சுமக்கும் பேற்றை அளிக்கிறான் என்னும் கருத்தே அவற்றில் வடிவம் பெறுகிறது. மனித முகமும் விலங்குடலும் கொண்டு சிவனைச் சுமக்கும் புருஷாமிருகம் வேறு வகையினது. பாரதக் கிளைக்கதையில் அது சிவபக்தியே உருவானது. துரத்தப்பட்ட பீமனின் ஒரு கால் அதன் எல்லைக்குள் சிக்கியபோது, பாதி உடல் விலங்குக்கே உரியது எனத் தம்பியென்றும் பாராமல் தருமர் தீர்ப்பளித்தார். குமரி மாவட்டத்தில் மகா சிவராத்திரியின்போது 12 கோயில்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டம் இக்கதையோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. வேறொரு மரபோடு ஒப்பிட்டால் வாகனத்தின் தனித்தன்மை விளங்கும்: நடு அமெரிக்க மாயா மக்களின் மான் ஆட்டத்தில் மர முகமூடி அணிந்து மனிதரே விலங்காகின்றனர். தமிழ் வாகனங்களிலோ விலங்கு தன் உருவோடு நின்று இறைவனைத் தாங்குகிறது.

உளியும் கொட்டாப்புளியும் கொண்டு இவ்வுருவங்களை வடிக்கும் மரபு பெரம்பலூர் மாவட்ட அரும்பாவூரில் தொடர்கிறது. அவ்வூர் மரச்சிற்பங்கள் 2020இல் புவிசார் குறியீடு பெற்றன.