நூலும் நூலாசிரியரின் வாழ்வும்

நல்ல நூலொன்றைத் தந்தவர் நல்லவராகவும் இருந்திருக்க வேண்டுமா? பழமையான கேள்விதான். ஆயினும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என நம் புறநகர்ப் பங்குகளில் ஆன்மிக நூல்களை வாசிக்கும் நமக்கு இருவருடைய பெயர்கள் அதனைப் புதிதாக எழுப்புகின்றன. ஒருவர் கவியரசு கண்ணதாசன். மற்றவர் ழான் வானியே.

கண்ணதாசன் 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் மறைந்தார். அவர் பாடிய 'இயேசு காவியம்' 1982இல் திருச்சி கலைக்காவிரியின் வெளியீடாக வந்தது. மதுவும் மாதரும் தம்மை அலைக்கழித்த நாள்களை அவரே எழுதியிருக்கிறார். 'வனவாசம்' என்னும் தன்வரலாற்றில் தம்மை 'அவன்' என்று படர்க்கையில் நிறுத்தி, தம் குற்றங்களுக்குத் தாமே சாட்சியானார். இத்தகையவர் ஆண்டவரைப் பாடலாமா என்று கேட்போர் உண்டு.

இக்கேள்விக்குத் திருச்சபை வரலாற்றில் ஒரு முன்னோடி உண்டு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் வேதகலாபனை மூண்டபோது, அச்சத்தால் திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருக்கள் இருந்தனர். அத்தகையோர் வழங்கும் திருவருட்சாதனங்கள் செல்லா என்றனர் தொனாத்தியர். திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே. பணியாளரின் மாசு அதனைக் கெடுக்காது என்று மறுமொழி கூறினார் புனித அகுஸ்தினார். தம் இளமைப் பாவங்களை ஏட்டில் அறிக்கையிட்டவரும் அவரே.

ஆனால், நூல் திருவருட்சாதனம் அன்று. அதன் ஆற்றல் பெரும்பாலும் எழுதியவர்மீது நாம் வைக்கும் நம்பிக்கையில் நிற்கிறது. வானியேயின் வரலாறு இதனை நமக்குக் கசப்பாகக் கற்பித்தது.

அறிவுத்திறன் குறைபாடுடையோருடன் ஒரே இல்லத்தில் வாழும் 'லார்ஷ்' குழுமத்தை அவர் 1964இல் பிரான்சில் தொடங்கினார். கனிவு, நலிந்தோரின் மாண்பு, குழு வாழ்வு ஆகியவை பற்றிய அவருடைய நூல்கள் உலகெங்கும் வாசிக்கப்பட்டன. 2019 மே மாதம் அவர் இறந்தார். ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் பெண்களைப் பாலியல் முறையில் தவறாகப் பயன்படுத்தினார் என்பதை, லார்ஷ் குழுமமே விசாரிக்கச் செய்து 2020 பிப்ரவரியில் வெளியிட்டது. 2023 ஜனவரியில் வெளியான விரிவான ஆய்வு, 1952க்கும் 2019க்கும் இடையே குறைந்தது 25 பெண்களைக் குறிப்பிட்டது. அவருடைய ஆன்மிகத் தந்தையான தோமா பிலிப் என்ற குரு இதே வகைக் குற்றத்துக்காக 1956இல் திருச்சபையால் தண்டிக்கப்பட்டவர். அதனை அறிந்திருந்தும் வானியே மறைத்தார்.

இருவரும் தவறியவர்களே. எனினும் வேறுபாடு பெரிது. கண்ணதாசனின் குறைகள் காவியத்துக்கு வெளியே நின்றன. அவற்றை அவர் ஒளிக்கவில்லை. காவியத்தைக் காட்டி எவரையும் அவர் ஏமாற்றவில்லை. வானியேயிடமோ குற்றமும் போதனையும் ஒரே மொழியைப் பேசின. ஏட்டில் கனிவைப் பற்றி எழுதியவர், இறையன்பின் மொழியாலேயே அப்பெண்களைத் தம் வசப்படுத்தினார். ஆகவே அவர் நூலை நாம் முன்போல வாசிக்க இயலாது. எரிக்க வேண்டியதில்லை, ஆனால் அவரை நம் ஆன்ம வழிகாட்டியாக ஏற்பதற்கில்லை. அந்நூலைப் பிறர் கையில் கொடுக்கும்போது உண்மையையும் சேர்த்துக் கொடுப்பதே நேர்மை. நம்மிடையே இருக்கும் காயப்பட்ட பெண்ணுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது.

அப்படியானால் நூலில் இருந்த நன்மை என்னவாயிற்று? தாம்பரத்துக்கு வடகிழக்கே, கடலோரக் கோட்டிவாக்கத்தில், லார்ஷ் குழுமத்தைச் சேர்ந்த 'ஆஷா நிகேதன்' இருக்கிறது. குறைபாடுடையோரும் இல்லாதோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் வாழ்வே அக்குழுமத்தின் உயிர். அந்த உண்மையை வானியே படைக்கவில்லை. அவர்களிடமிருந்தே பெற்று எழுதினார். எழுதியவரின் பெயர் தாழ்ந்துவிட்டது. அந்தப் பந்தி அவர்களுக்கே உரியது.